உங்கள் வங்கியிடம் கேட்பார்கள், உங்களிடம் சொல்ல மாட்டார்கள்

ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் மாமா போன வருஷம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் செய்தார். "மாப்ள, வருமான வரி ஆபீஸ்லேர்ந்து நோட்டீஸ் வந்திருக்கு. கூட்டுறவு பேங்க்ல நான் பதினாலு லட்சம் ரொக்கமா போட்டிருக்கேனாம். அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம என் கணக்கை எடுத்துப் பாக்கலாமா?" பதில் சொல்லக் கொடுத்திருந்த கெடு பத்து நாள். விஷயம் அவர் காதுக்கு வந்தபோது ஒன்பது நாள் போயிருந்தது. காரணம், போர்ட்டலில் அவர் பெயரில் பதிவாகியிருந்த மெயில் ஐடி அவருடையதே இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்பு அவருக்குக் கணக்கு பார்த்த ஆடிட்டருடையது.

மாமா கேட்டது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு இருக்கின்றன. எனக்குத் தெரியாமல் என்னைப் பற்றிய தகவலை எடுக்கலாமா என்பது ஒன்று. எடுத்ததை எனக்குக் காட்டாமல் எனக்கு எதிராகப் பயன்படுத்தலாமா என்பது இன்னொன்று. இந்தியச் சட்டத்தில் முதல் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் 'எடுக்கலாம்'. இரண்டாவதற்குப் பதில் 'கூடாது'. நம் ஆட்கள் முதல் கேள்வியிலேயே கோபப்பட்டு நேரத்தைத் தொலைத்துவிட்டு, உண்மையிலேயே கையில் பிடி இருக்கிற இரண்டாவதைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் தகவல் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். இரண்டு வழிகள். ஒன்று, யாரும் கேட்காமலேயே போவது. வங்கிகள், சார்பதிவாளர் அலுவலகங்கள், மியூச்சுவல் ஃபண்டுகள், கிரெடிட் கார்டு நிறுவனங்கள் எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பட்டியலைத் துறைக்கு அனுப்பியாக வேண்டும். 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த 1961-ன் பழைய வருமான வரிச் சட்டத்தில் இது 285பிஏ பிரிவு. அதற்கான விதியில் இருந்த வரம்புகள் பலருக்கும் தெரிந்ததுதான்: சேமிப்புக் கணக்கில் ஒரு நிதியாண்டில் மொத்தம் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் போட்டால், 30 லட்சமோ அதற்கு மேலோ மதிப்புள்ள சொத்து கைமாறினால், கிரெடிட் கார்டு பாக்கியை ரொக்கமாக 1 லட்சமோ வேறு வழியில் 10 லட்சமோ கட்டினால், தகவல் தானாகப் போய்விடும். மாமாவின் பதினாலு லட்சம் போனது இப்படித்தான். அதற்காக யாரும் அவரைக் குறிவைத்துத் தேடவில்லை.

இரண்டாவது வழி, கேட்டு வாங்குவது. பழைய சட்டத்தின் 133(6) பிரிவு. ஒரு விசாரணைக்குப் பயன்படும் என்று தோன்றினால் வங்கி உட்பட யாரிடமும் எந்த விவரத்தையும் எழுதிக் கேட்கலாம். உங்களுக்குச் சரக்கு விற்றவர், உங்கள் கடைக்கு இடம் வாடகைக்கு விட்டவர், உங்கள் மகளின் கல்யாணத்துக்கு மண்டபம் கொடுத்தவர், யாராக இருந்தாலும் சரி. கேட்டதைக் கொடுக்காவிட்டால் அவருக்கு நாளுக்கு 500 ரூபாய் அபராதம் விழலாம். ஆனால் யாரைப் பற்றிக் கேட்கிறார்களோ அவருக்கு ஒரு வரி எழுதிப் போட வேண்டும் என்று அந்தப் பிரிவில் எங்கேயும் கிடையாது. கேட்பதற்கு முன்பும் கிடையாது, கேட்ட பிறகும் கிடையாது. கேள்வி கேட்கப்பட்டவர் உங்களிடம் வந்து சொன்னால் உண்டு.

1995 வரைக்கும் இதற்கு ஒரு கடிவாளம் இருந்தது. உங்கள் பெயரில் ஏதாவது நடவடிக்கை நிலுவையில் இருந்தால்தான் இப்படிக் கேட்க முடியும். அந்த வருஷம் 'விசாரணை' என்ற ஒரே ஒரு சொல்லைப் பிரிவுக்குள் சேர்த்தார்கள், கடிவாளம் கழன்றது. நிலுவையில் எதுவும் இல்லாவிட்டால் ஆணையர் அல்லது இயக்குநர் அளவிலான மேலதிகாரியின் முன் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். இதன் வீச்சு எவ்வளவு என்பதை கேரளாவின் கதிரூர் கூட்டுறவு வங்கி வழக்கு காட்டிவிட்டது. 2005 ஏப்ரல் முதல் 2008 மார்ச் வரை மூன்று வருஷத்தில் 1 லட்சம் ரூபாய்க்கும் அதற்கு மேலும் ரொக்கப் பரிவர்த்தனை செய்த, வைப்புத்தொகை வைத்த எல்லோருடைய விவரத்தையும் கொடு என்று வருமான வரி அதிகாரி கேட்டார். குறிப்பிட்ட ஆள் என்று யாரும் இல்லை, குறிப்பிட்ட சந்தேகமும் இல்லை. மொத்தமாக வலை வீசுகிறீர்களே, இது செல்லாது என்று வங்கி வாதாடியது. 2013-ல் உச்ச நீதிமன்றம், மேலதிகாரி அனுமதி இருக்கிறது, பொதுவான விசாரணைக்கும் இந்த அதிகாரம் பொருந்தும், கொடுக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டது. கவனித்துப் பாருங்கள், அந்த வழக்கில் வாதாடியது வங்கி. கணக்கு வைத்திருந்தவர்களுக்கு இப்படியொரு கேள்வி வந்த விஷயமே தெரிந்திருக்க வழியில்லை.

ஆனால் இதே உச்ச நீதிமன்றம்தான், வங்கியில் கிடக்கும் உங்கள் தாள் உங்கள் அந்தரங்கம்தான் என்றும் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு 2004 நவம்பரில் வந்தது, கனரா வங்கி வழக்கு. ஆந்திரப் பிரதேசம் 1986-ல் முத்திரைத்தாள் சட்டத்தைத் திருத்தி, கலெக்டர் அனுப்பும் எந்த ஆளும் வங்கிக்குள் நுழைந்து ஆவணங்களைப் புரட்டிப் பார்க்கலாம், எடுத்துக்கொண்டும் போகலாம் என்று வைத்திருந்தது. காரணம் எழுத வேண்டாம், அந்த ஆள் எந்தத் தகுதியில் இருக்க வேண்டும் என்ற வரையறையும் இல்லை. தலைமை நீதிபதி லஹோட்டி அந்தத் திருத்தத்தைத் தூக்கிப் போட்டார். அந்தரங்கம் என்பது வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பது இல்லை, ஆளோடு போவது, நம்பி ஒரு வங்கியிடம் ஒப்படைத்ததால் ஆவணத்தின் ரகசியத்தன்மை கரைந்துவிடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். 2017-ல் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவிப்பதற்குப் பதின்மூன்று வருஷம் முந்தையது இது.

அந்தத் தீர்ப்பை எழுதும்போது நீதிமன்றம் ஓர் அமெரிக்க வழக்கை எடுத்துப் பேசி, அதை ஏற்காமல் ஒதுக்கியது. 1976-ல் வந்த மில்லர் வழக்கு. ஜார்ஜியா மாநிலத்தில் வரி கட்டாமல் விஸ்கி காய்ச்சியதாக ஒருவர் மேல் வழக்கு. அவருடைய காசோலைகளையும் கணக்கு விவரங்களையும் அதிகாரிகள் வங்கிகளிடமிருந்து வாங்கினார்கள், அவருக்குச் சொல்லவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவை வங்கியின் தொழில் ஆவணங்கள், உன்னுடையவை அல்ல, எனவே உனக்கு அதில் அந்தரங்கம் என்று எதுவும் இல்லை என்று முடித்துவிட்டது. சாராயம் காய்ச்சியவர் மேல் யாருக்கும் பெரிய இரக்கம் இருந்திருக்காது. ஆனால் தீர்ப்பு எல்லோருடைய வங்கிக் கணக்குக்கும் பொருந்துமே, அதனால் பலருக்கும் வயிற்றைக் கலக்கியது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் சுவாரஸ்யமான பகுதி. அதே 1976-ன் கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றம் வரிச் சட்டத்தைத் திருத்தியது. அதில் வந்த 7609 பிரிவின் இப்போதைய வடிவப்படி, வரித்துறை உங்கள் வங்கிக்கு சம்மன் அனுப்பினால், மூன்று நாளுக்குள் உங்களுக்கும் தகவல் தர வேண்டும், வங்கி ஆவணம் கொடுக்க வேண்டிய தேதிக்குக் குறைந்தது 23 நாள் முன்பாக அது உங்கள் கைக்கு அனுப்பப்பட்டிருக்க வேண்டும், உங்களுக்கு 20 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் நீதிமன்றம் போய் சம்மனை ரத்து செய்யக் கேட்கலாம். ஆக, அங்கே நீதிமன்றம் உரிமை இல்லை என்றது, சட்டம் நோட்டீஸ் கொடுத்தது. இங்கே நீதிமன்றம் உரிமை உண்டு என்றது, சட்டம் நோட்டீஸ் கொடுக்கவே இல்லை. இரண்டில் எது மேல் என்று கேட்டால் நான் யோசிக்காமல் அமெரிக்காவின் 23 நாளைத்தான் எடுத்துக்கொள்வேன். அந்தரங்கத்தைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதினாலும், என் கணக்கைக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாவிட்டால் அந்த எழுத்தை நான் எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

அமெரிக்கா சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அந்த 7609 பிரிவிலேயே ஓர் ஓட்டை உண்டு. வரி எவ்வளவு என்று முடிவாகிவிட்டது, இனி வசூல்தான் பாக்கி என்ற நிலையில் அனுப்பப்படும் சம்மனுக்கு நோட்டீஸ் தேவையில்லை. போல்செல்லி என்பவர் 20 லட்சம் டாலருக்கு மேல் வரி பாக்கி வைத்திருந்தார். அவர் பணத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று தேடிய அதிகாரி, அவருடைய கணக்கை மட்டும் இல்லாமல், அவர் மனைவியின் கணக்கையும் அவருக்கு வாதாடிய சட்ட நிறுவனங்களின் கணக்குகளையும் வங்கிகளிடம் கேட்டார். மனைவிக்கும் வக்கீல்களுக்கும் வரித்துறை சொல்லவில்லை, வங்கி சொல்லித்தான் தெரிந்தது. பாக்கிதாரருக்கு அந்தக் கணக்கில் சட்டப்படி பங்கு இருந்தால் மட்டும்தானே இந்த விலக்கு பொருந்தும் என்று அவர்கள் கேட்டார்கள். 2023 மே மாதம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை எழுதப்படவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இதில் எனக்கு இரண்டு மனம். சொத்தை மனைவி பெயரில் மாற்றிவிட்டுக் கையை விரிப்பது உலகம் பூராவும் நடக்கிற கதை, முன்கூட்டியே சொன்னால் மறுநாள் காலைக்குள் கணக்கு காலியாகும். ஆனால் வரியே பாக்கி வைக்காத ஒருவரின் கணக்கையும் அவருக்குத் தெரியாமல் திறக்கலாம் என்றால், பாதுகாப்பு யாருக்கு வேண்டுமோ அவருக்குத்தான் அது இல்லாமல் போகிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். எடுக்கும்போது சொல்ல வேண்டியதில்லை என்றால் எப்போதுதான் சொல்வார்கள்? பயன்படுத்தும்போது. இங்கேதான் நம் சட்டம் உண்மையிலேயே பலமாக இருக்கிறது, அதற்கு அடித்தளம் போட்டதில் மதராஸிலிருந்து போன ஒரு பணத்துக்குப் பங்கு உண்டு.

கிஷின்சந்த் செல்லாராம் என்ற நிறுவனத்தின் வழக்கு. 1940-களில் பஞ்சாப் நேஷனல் வங்கி வழியாக மதராஸிலிருந்து பம்பாய்க்கு 1,07,350 ரூபாய் தந்தி மாற்றலில் போனது. அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. இது நிறுவனத்தின் கணக்கில் வராத பணம் என்று வரித்துறை முடிவு கட்டியது. ஆதாரம் என்ன? வங்கி மேலாளர் எழுதிய கடிதம். அந்தக் கடிதத்தை அதிகாரி நிறுவனத்திடம் காட்டவில்லை, அப்படி ஒன்று இருக்கிறது என்றே சொல்லவில்லை. பணத்தை அனுப்பியவர் நிறுவனத்தின் ஊழியர், அதனால் பணம் நிறுவனத்தினுடையது என்று கோடு போட்டுவிட்டார்கள். வழக்கு ஒவ்வொரு படியாக ஏறி 1980-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஒருவருக்கு எதிராக ஒரு கடிதத்தை நம்பப் போகிறாய் என்றால் முதலில் அதை அவரிடம் காட்டு, எழுதிய மேலாளரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று அவர் கேட்டால் அதற்கும் வழி செய், இரண்டும் இல்லாமல் அதை ஆதாரமாக எடுக்க முடியாது என்றது நீதிமன்றம். வரி நடவடிக்கைகளில் சாட்சியச் சட்டத்தின் கறார் விதிகள் பொருந்தாது என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொள்கிறது, ஆனாலும் காட்டாத தாளை வைத்துத் தண்டிப்பது வேறு விஷயம் என்று பிரிக்கிறது. இன்றைக்கும் ஆடிட்டர்கள் பதில் எழுதும்போது இந்த வழக்கின் பெயரை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்கிறார்கள். அவ்வளவு உபயோகமானது.

பழைய ஆண்டின் கணக்கைத் திரும்பத் திறக்கும் விஷயத்தில் இந்தக் கொள்கை இன்னும் முன்னால் நகர்ந்து வந்திருக்கிறது. ஒரு காலத்தில் 148 பிரிவு நோட்டீஸ் வரும், 'உங்கள் வருமானம் தப்பியிருக்கிறது என்று நம்புகிறேன், ரிட்டர்ன் போடுங்கள்' என்று ஒற்றை வரி. ஏன் நம்புகிறார் என்று சொல்ல மாட்டார். ஜி.கே.என். டிரைவ்ஷாஃப்ட்ஸ் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், கேட்டால் காரணத்தைக் கொடு, ஆட்சேபம் வந்தால் காரணம் எழுதி உத்தரவு போடு என்றது. அப்புறம் 2021 நிதிச் சட்டம் 148ஏ என்ற புதிய பிரிவைக் கொண்டு வந்து, கணக்கைத் திறப்பதற்கு முன்பாகவே தகவலைக் காட்டி விளக்கம் கேட்க வேண்டும் என்று ஆக்கியது. தாலி கட்டி முடித்த பிறகு பத்திரிகை வைத்துக்கொண்டிருந்த துறை, முதல்முறையாக முன்கூட்டியே பத்திரிகை வைக்க ஆரம்பித்தது.

ஆரம்பமே சொதப்பல் என்பதையும் சொல்ல வேண்டும். புதிய பிரிவு நடைமுறைக்கு வந்த 2021 ஏப்ரல் 1-க்குப் பிறகும் பழைய முறையிலேயே சுமார் 90,000 நோட்டீஸ்கள் போயின. கொரோனா காலத் தளர்வுகள் தங்களுக்கு அந்த உரிமையைத் தந்தன என்பது துறையின் வாதம். நாடு முழுக்க ஒன்பதாயிரத்துக்கும் மேல் ரிட் மனுக்கள், பல உயர் நீதிமன்றங்கள் நோட்டீஸ்களை ரத்து செய்தன. 2022 மே மாதம் ஆஷிஷ் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் முழு நீதி கிடைக்கத் தேவையான உத்தரவைப் போட வழிசெய்யும் அரசமைப்புச் சட்டத்தின் 142-வது உறுப்பைப் பயன்படுத்தி, அவை எல்லாவற்றையும் புதிய பிரிவின் கீழான விளக்க நோட்டீஸ்களாகக் கருதிக்கொள்ளலாம், 30 நாளுக்குள் தகவலைக் கொடுங்கள், இரண்டு வாரத்தில் பதில் வாங்குங்கள் என்று சமாதானம் செய்து வைத்தது. வரி கட்டுபவருக்கும் ஏதோ கிடைத்தது, அரசின் வருவாயும் போகவில்லை. எனக்கென்னவோ தவறு செய்தவருக்கே கூடுதல் நேரம் கிடைத்த மாதிரிதான் இருந்தது.

2024 செப்டம்பரிலிருந்து கெடு இன்னும் இறுகியது. மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, முடிந்து மூன்று வருஷத்துக்குள் இந்த முன் நோட்டீஸ் வந்தாக வேண்டும். தப்பியதாகச் சொல்லப்படும் வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் ஐந்து வருஷம் வரை. மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டும், அந்த ஒப்புதல் சும்மா சடங்காக இருக்கக் கூடாது. இதற்கு ஒரு பழைய வழக்கு, சுகமல் ராஜ்பால், 1971. கணக்கைத் திறக்க அனுமதி கேட்டு வந்த தாளில் ஆணையர் 'ஆம்' என்று ஒரே ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். படித்தாரா, யோசித்தாரா என்பதற்கு அடையாளமே இல்லை என்று நீதிமன்றம் நோட்டீஸையே ரத்து செய்தது. அதனால் ஒப்புதலின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

நோட்டீஸ் கொடுத்தோம் என்று துறை சொல்வதும் நோட்டீஸ் வந்தது என்று நீங்கள் சொல்வதும் ஒரே விஷயமாக இருந்தது தபால்காரர் காலத்தில். இப்போது அப்படி இல்லை. போர்ட்டலில் ஏற்றிவிடுகிறார்கள், மெயில் போகும், சில நேரம் எஸ்எம்எஸ் வரும். பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2024-ல் ஒரு வழக்கில், வெறுமனே போர்ட்டலில் ஏற்றியது மட்டும் போதாது, ஒருவர் எப்போதும் போர்ட்டலைத் திறந்து வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்று சொன்னது. ஜிஎஸ்டி விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இதே புகாரோடு வந்த சிறு வியாபாரிகள் ஏராளம். கூடுதல் நோட்டீஸ்கள் என்று ஒரு மூலையில் இருக்கும் பக்கத்தில் நோட்டீஸைப் போட்டுவிட்டு, பதில் இல்லை என்று ஒருதலையாக உத்தரவு போட்டுவிடுவார்கள். வியாபாரியின் ஜிஎஸ்டி கணக்கைப் பார்ப்பவர் வேறு ஒருவர், அந்த ஆளுக்கு ஏற்கெனவே நூறு கடைகள். பல வழக்குகளில் நீதிமன்றம் வரியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லிவிட்டு மறுபடியும் விசாரிக்க அனுப்பியது. போர்ட்டலில் ஏற்றினாலே போதும் என்று சொன்ன தீர்ப்புகளும் உண்டு. எனவே தீர்ப்பை நம்பி அலட்சியமாக இருந்துவிட முடியாது.

போலி நோட்டீஸ்களும் இப்போது ஏராளம். 2019 அக்டோபர் 1 முதல் துறை அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் கணினி உருவாக்கிய ஓர் ஆவண எண், டிஐஎன் என்பார்கள், இருக்க வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை போட்டது. அந்த எண் இல்லாத கடிதம் அனுப்பப்படவே இல்லை என்று கருதப்படும் என்று சுற்றறிக்கையே சொன்னது. பின்னாட்களில் துறை தன் வார்த்தையைத் தானே எதிர்த்து வழக்காடியது தனிக்கதை. நமக்கு உபயோகம் என்னவென்றால், போர்ட்டலில் லாகின் செய்யாமலேயே அந்த எண்ணைப் போட்டு நோட்டீஸ் நிஜமா என்று பார்க்கலாம். மிரட்டல் தொனியில் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்தால் முதலில் இதைச் செய்யுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. துறையிடம் போய்ச் சேர்ந்த தகவல் அங்கிருந்து எங்கே போகும்? 1922-ன் வருமான வரிச் சட்டத்தில் 54-வது பிரிவு இரும்புக்கதவு மாதிரி இருந்தது. ரிட்டர்னில் எழுதியது எல்லாம் ரகசியம், நீதிமன்றமே கேட்டாலும் அதிகாரி கொடுக்கக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். 1961 சட்டம் அதையே 137-வது பிரிவாக வைத்துக்கொண்டது. மூன்றே வருஷம், 1964-ல் அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள். அந்தச் சட்டத்தில் மிஞ்சியது 138-வது பிரிவு: பொதுநலன் என்று உயரதிகாரி கருதினால் வெளியாருக்கும் கொடுக்கலாம், அறிவிக்கப்பட்ட மற்ற அரசு அமைப்புகளுக்கும் கொடுக்கலாம். உங்கள் விவரத்தை இன்னாருக்குக் கொடுத்தோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை இதிலும் எழுதப்படவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் ரிட்டர்னைக் கேட்டால் கிடைக்காது, 2012-ல் கிரிஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தனிப்பட்ட தகவல் என்று சொல்லிவிட்டது, பெரிய பொதுநலன் இருந்தால் தவிர. அதாவது பக்கத்து வீட்டுக்காரருக்கு எதிராக இருக்கிற பாதுகாப்பு, அரசின் இன்னொரு கைக்கு எதிராக இல்லை.

2020 ஆகஸ்டில் பிரதமர் வரி செலுத்துவோர் சாசனம் என்று ஒன்றை வெளியிட்டார். விசாரணையில் தேவைக்கு மேல் ஊடுருவ மாட்டோம், தகவலை ரகசியமாக வைப்போம் என்று அதில் துறை வாக்குக் கொடுத்திருக்கிறது. நல்ல வாசகங்கள். மீறினால் என்ன என்று அதில் தேடிப் பார்க்காதீர்கள்.

ரெய்டு என்றால் முன் நோட்டீஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை, அது நியாயமும்கூட. சொல்லிவிட்டு வந்தால் அது ரெய்டு இல்லை. ஆனால் வந்த பிறகாவது ஏன் வந்தார்கள் என்று சொல்ல வேண்டாமா? 2017-ல் நிதிச் சட்டத்தின் மூலம் 132 பிரிவில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள்: சோதனைக்கான காரணத்தை யாருக்கும், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும்கூட, சொல்ல வேண்டியதில்லை. அதுவும் 1962-லிருந்தே அப்படித்தான் என்று பின்தேதியிட்டு. உயர் நீதிமன்றம் கோப்பை வரவழைத்துப் பார்க்கலாம், நீங்கள் பார்க்க முடியாது. சோதனையே சட்டவிரோதம் என்று நிரூபித்தாலும், அதில் கிடைத்த ஆதாரத்தைத் துறை பயன்படுத்தலாம் என்று பூரண்மல் வழக்கில் 1970-களிலேயே சொல்லியாகிவிட்டது.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து எண்கள் எல்லாம் மாறிவிட்டன. 132 இப்போது 247, 148ஏ இப்போது 281. முந்தைய ஆண்டுகளுக்கான விவகாரங்கள் பழைய சட்டப்படியே நடக்கும் என்பதால் ஆடிட்டர்கள் இன்னும் கொஞ்ச காலம் இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்துகொண்டிருக்க வேண்டியதுதான். புதிய 247-ல் ஒரு விஷயம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது: சோதனையின்போது மின்னஞ்சல், சமூக வலைத்தளக் கணக்கு, ஆன்லைன் முதலீட்டுக் கணக்கு, கிளவுட் சேமிப்பு ஆகியவற்றையும் திறக்கச் சொல்லலாம், கடவுச்சொல் கொடுக்காவிட்டால் அதை மீறியும் நுழையலாம். ஏப்ரலிலிருந்து எல்லோருடைய வாட்ஸ்அப்பையும் படிக்கப்போகிறார்கள் என்று பரவியது உண்மையில்லை, முறைப்படி சோதனை உத்தரவு இருந்தால்தான் இது. ஆனால் பீரோவுக்குச் சாவி கேட்பதும் போனுக்குக் கடவுச்சொல் கேட்பதும் ஒன்றல்ல. பீரோவில் இருப்பது நகையும் பத்திரமும். போனில் இருப்பது டாக்டரிடம் பேசியது, மனைவியோடு சண்டை போட்டது, யாருக்கோ ஆறுதல் சொன்னது எல்லாமும். வரிக்குச் சம்பந்தம் இல்லாததை ஒதுக்கி வைப்பது யார், எப்போது, எப்படி என்பதைப் பற்றி அந்தப் பிரிவு வாய் திறக்கவில்லை. கனரா வங்கித் தீர்ப்பின் வாசகங்கள் மறுபடியும் தேவைப்படப்போகிற இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

துறை உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறது என்பதை முன்கூட்டியே பார்க்க இப்போது நடைமுறையில் இருக்கிற முக்கியமான சன்னல் ஏஐஎஸ், அதாவது போர்ட்டலில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கை. 2021 நவம்பரில் வந்தது. வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை, சொத்து, ரொக்கம் என்று வெளியிலிருந்து வந்த விவரம் அதில் இருக்கும், தவறாக இருந்தால் அங்கேயே பதிவு செய்யலாம், அது தகவல் கொடுத்தவருக்கே சரிபார்க்கப் போகும். சட்டம் கொடுக்க மறந்த நோட்டீஸை ஒரு மென்பொருள் அரைகுறையாகக் கொடுக்கிறது. ஆனால் ஓர் அதிகாரி உங்களைப் பற்றி யாரிடமோ தனியாகக் கடிதம் எழுதிக் கேட்டது அதில் வராது.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு வந்திருந்ததும் கணக்கைத் திறப்பதற்கு முன்பு விளக்கம் கேட்கும் நோட்டீஸ்தான். அந்த ராத்திரி செய்த முதல் வேலை, போர்ட்டலில் கூடுதல் அவகாசம் கேட்டது. ஒரு வாரம் கிடைத்தது. பதிலில் எடுத்த எடுப்பில் விளக்கம் எழுதாமல், நீங்கள் நம்பியிருக்கும் வங்கித் தகவலின் நகலையும் மேலதிகாரியின் ஒப்புதலையும் கொடுங்கள் என்று இப்போதைய ஆடிட்டர் எழுதினார். மாமாவுக்கு இதில் பயங்கர எரிச்சல். "கேட்டதுக்குப் பதில் சொல்லாம எதிர்க்கேள்வி கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பட்டியல் வந்தது. பதினாலு லட்சத்தில் ஐந்து லட்சம் ரொக்கமே இல்லை, அதே கிளையில் முதிர்ந்த வைப்புத்தொகை சேமிப்புக் கணக்குக்கு மாறியதை வங்கியில் யாரோ ரொக்கம் என்று பதிந்து அனுப்பியிருந்தார்கள். மீதி ஒன்பது லட்சம் கடை வசூல், நாள்வாரியாகக் கணக்குப் புத்தகத்தில் இருந்தது, ரிட்டர்னிலும் காட்டியிருந்தது. பட்டியலைப் பார்க்காமல் பதில் எழுதியிருந்தால் அந்த ஐந்து லட்சத்துக்கு எங்கிருந்து ரொக்கம் வந்தது என்று மாமா தானே ஒரு கதையை யோசித்துச் சொல்லியிருப்பார், அவர் சுபாவம் அப்படி.

கணக்கைத் திறக்கத் தேவையில்லை என்று உத்தரவு வந்தது. அந்த உத்தரவும் மாமாவுக்கு வரவில்லை, பழைய ஆடிட்டர் ஆபீஸ் பையன்தான் அனுப்பி வைத்தான். மெயில் ஐடியை மாற்றுங்கள் மாமா என்று நானும் பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.